600 மணி நேரத்துக்கு ஒரு ஹெல்மெட்: யூபிசாஃப்ட் குவார்ட்ஸ் விமர்சனம்

கடைசிப் பொருளை வெளியிட்டு வருஷக்கணக்கில் ஆகிவிட்ட ஒரு சேவைக்கு இப்போது போய் எதற்கு விமர்சனம் என்று கேட்டால், காரணம் இருக்கிறது. பெரிய பட்ஜெட் கேம் ஒன்றுக்குள்ளேயே என்.எஃப்.டி.யை (பிளாக்செயின் என்னும் பொது இணையப் பதிவேட்டில் 'இது இன்னாருடையது' என்று குறித்து வைக்கும் டிஜிட்டல் டோக்கனை) கொண்டுவந்து இறக்கிய முதல் பெரிய நிறுவனம் என்று யூபிசாஃப்ட் தன்னைச் சொல்லிக்கொண்டது, அதற்காகத் திறந்த கடைதான் குவார்ட்ஸ். அதற்குப் பிறகு எந்த ஸ்டுடியோ எந்தப் பெயரில் 'கேமுக்குள் உங்கள் சொந்தப் பொருள்' என்று ஆரம்பித்தாலும், அன்றைக்கு கேமர்கள் புரியாமல் கத்திவிட்டார்கள், இப்போதாவது பொறுமையாகக் கேட்கட்டும் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். புரியாமல் கத்தினார்களா, புரிந்ததால் கத்தினார்களா என்று தெரிய பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். டிரெய்லரை ஓரமாக வைத்துவிட்டு, வாடிக்கையாளர் கையில் கடைசியில் என்ன வந்து சேர்ந்தது என்று பார்த்தாலே போதும்.

2021 டிசம்பர் 7 அன்று அறிவிப்பு, இரண்டே நாளில் பீட்டா, அதாவது சோதனை வெளியீடு. கோஸ்ட் ரீகான் பிரேக்பாயிண்ட் என்ற ராணுவத் துப்பாக்கிச் சண்டை கேமின் பிசி பதிப்பில் மட்டும், யூபிசாஃப்ட் கனெக்ட் என்ற அவர்களுடைய செயலி வழியாக விளையாடுபவர்களுக்கு மட்டும். பொருட்களுக்கு டிஜிட் என்று பெயர். டெசோஸ் பிளாக்செயினில் பதிவாகும். டிசம்பர் 9, 12, 15 என்று மூன்று தேதிகளில் மூன்று பொருட்கள் இலவசமாக வந்தன: ஒரு எம்4ஏ1 துப்பாக்கி, ஒரு பேண்ட், ஒரு ஹெல்மெட். மூன்றுமே கேமின் வில்லன் படையான வுல்வ்ஸ் பாணியில் செய்தவை. அமெரிக்கா, கனடா, பிரேசில், ஆஸ்திரேலியா, அப்புறம் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், பெல்ஜியம் என்று ஒன்பது நாடுகளில் இருப்பவர்கள்தான் வாங்க முடிந்தது.

இலவசம்தானே, இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். வாங்கும் வழியைப் பாருங்கள். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். கேமில் குறைந்தது ஐந்தாவது லெவல் வரைக்கும் வந்திருக்க வேண்டும். கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருக்க வேண்டும். இதெல்லாம் நியாயம்தான், விட்டுவிடலாம். அதற்கு மேல் தனியாக ஒரு டெசோஸ் வாலட் (டோக்கன்களை வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் பணப்பை) திறக்க வேண்டும், அதைத் திரும்பப் பெற உதவும் மீட்புச் சொற்களை எங்கேயாவது பத்திரமாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், அதைத் தொலைத்தால் உதவி மையத்தைக் கூப்பிட்டு 'பாஸ்வேர்ட் மறந்துட்டேன்' என்றெல்லாம் சொல்ல முடியாது. பிறகு அந்த வாலட்டை யூபிசாஃப்ட் கணக்கோடு இணைக்க வேண்டும். ஒரு பேண்டுக்கு. அந்த பேண்டுக்குக்கூட கேமில் 100 மணி நேரம் விளையாடியிருக்க வேண்டும். ஹெல்மெட்டுக்கு 600 மணி நேரம்.

600 மணி நேரம் என்றால் தினமும் நான்கு மணி நேரம் வீதம் 150 நாள். நிபந்தனை போட்டவர்கள் இதை விசுவாசத்துக்கான பரிசு என்று நினைத்திருக்கலாம். ஆனால் ஒரு கேமில் 600 மணி நேரம் போட்டவர் யார் என்று கொஞ்சம் யோசித்தால் இதிலுள்ள அபத்தம் தெரியும். அவரிடம் ஏற்கெனவே தொப்பியும் ஹெல்மெட்டும் முகமூடியும் கொள்ளாத அளவுக்குக் கிடக்கும். தன் கேரக்டர் எப்படி இருக்க வேண்டும் என்று என்றைக்கோ முடிவு செய்துவிட்டிருப்பார். அவருக்கு வேண்டியதெல்லாம் புது மிஷன், பிழை திருத்தம், எதிரிகளுக்குக் கொஞ்சம் புத்தி. கேம் வெளியானபோது துணைக்கு வரும் ஏஐ தோழர்கள் (கணினியே இயக்கும் கூட்டாளிகள்)கூட இல்லை, 2020 ஜூலையில்தான் சேர்த்தார்கள் என்பதை அவர் மறந்திருக்க மாட்டார்.

சரி, பொருளுக்கு வருவோம். டிஜிட்டின் சிறப்பு என்று சொன்னது, ஒவ்வொன்றின் மேலும் ஒரு வரிசை எண் பதிந்திருக்கும். உங்கள் பேண்டில் உள்ள எண் வேறு யார் பேண்டிலும் இருக்காது. அதுபோக, அந்தப் பொருளை உங்களுக்கு முன்னால் யார் யார் வைத்திருந்தார்கள் என்ற பட்டியலும் கூடவே வரும். அவ்வளவுதான். எம்4ஏ1 துப்பாக்கி கேமில் ஏற்கெனவே இருக்கிறது. டிஜிட்டாக வந்தது அதே துப்பாக்கி, வேறு சாயம், மேலே ஒரு எண். குண்டு கூடுதலாகப் பாயாது, அதிர்வு குறையாது. குறையவும் கூடாது, அது குறைந்தால் காசு கொடுத்தவன் ஜெயிக்கிற கதையாகிவிடும், அதனால் வெறும் அலங்காரமாக வைத்தது சரியான முடிவு. ஆனால் அலங்காரமாகவும் இது தேறவில்லை. புதருக்குள் சேற்றைப் பூசிக்கொண்டு படுத்திருப்பதுதான் இந்த கேமின் சுகமே. அந்த நிலையில் உங்கள் பேண்டில் உள்ள எண்ணைக் குனிந்து படிக்கப் போவது யார்? கூட விளையாடும் மூன்று நண்பர்களா? அவர்கள் டிரோன் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த எண்ணுக்கு ஒரே ஒரு பயன்தான் உண்டு, விற்பது. எண் 1, எண் 7, எண் 100 என்றால் ஃபேன்ஸி நம்பர் பிளேட் போல யாராவது கூடக் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை. ஆக, பொருளை வடிவமைக்கும்போதே அவர்கள் மனதில் இருந்தவர் விளையாடுபவர் இல்லை, வியாபாரி. கேமர்களுக்குக் கோபம் வந்த இடம் இது என்றுதான் நான் நினைக்கிறேன். வேலையிலும் வீட்டிலும் கணக்குப் போட்டுக் களைத்தவர்கள் விளையாட உட்காரும்போது அங்கேயும் விலை ஏறுமா இறங்குமா என்று பார்க்கச் சொன்னால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்.

இப்போது முக்கியமான விஷயம், 'சொந்தம்'. குவார்ட்ஸ் விற்றது ஹெல்மெட்டை இல்லை, இந்தச் சொல்லைத்தான். பிளாக்செயினில் என்ன இருக்கிறது? இந்த வாலட்டுக்கு இந்த எண்ணுள்ள டோக்கன் சேரும் என்ற பதிவு. ஹெல்மெட்டின் முப்பரிமாண உருவம், அதன் மேல் ஒட்டிய படம், அதை உங்கள் கேரக்டர் தலையில் மாட்டிக் காட்டும் கோட், இதில் ஒன்றுகூட பிளாக்செயினில் இல்லை, எல்லாம் யூபிசாஃப்டிடம். அதை வேறு கேமுக்கு எடுத்துப் போக முடியாது. வேறு நிறுவனத்தின் கேமை விடுங்கள், யூபிசாஃப்டின் அடுத்த கேமிலேயே மாட்ட முடியாது. யாருக்கு வேண்டுமானாலும் விற்கவும் முடியாது, வாங்குபவரும் யூபிசாஃப்ட் போட்ட தகுதிகளுக்குள் வர வேண்டும். அதற்கும் மேல், பிரேக்பாயிண்ட் தனியாக விளையாடினாலும் எப்போதும் இணையத்தில் இருக்க வேண்டிய கேம். சர்வர் நின்றால் கேம் திறக்காது. கேம் திறக்காவிட்டால் உங்கள் வாலட்டில் டோக்கன் பத்திரமாக இருக்கும், அதை மாட்டிக்கொள்ளத் தலைதான் இருக்காது.

இதைப் பெரிய நிபுணர் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வருஷக்கணக்கில் ஆன்லைன் கேம் விளையாடியவர்களுக்கு சர்வர் மூடுவது என்றால் என்ன என்று தெரியும். ஸ்கின், அதாவது ஆயுதத்துக்கும் கேரக்டருக்கும் போடும் அலங்காரத் தோற்றம், வாங்கி விற்பதும் புதிதில்லை. கவுன்டர்-ஸ்டிரைக்கில் 2013-லிருந்து துப்பாக்கி ஸ்கின்களை ஸ்டீம் என்ற இணைய கேம் கடையின் சந்தையில் கைமாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள், பிளாக்செயின் இல்லாமல், வால்வ் நிறுவனத்தின் சாதாரண சர்வரை வைத்து. அங்கே விற்ற காசு ஸ்டீம் வாலட்டைத் தாண்டி வெளியே வராது, குவார்ட்ஸ் பொருளை ரேரிபிள், ஆப்ஜெக்ட் மாதிரி வெளிச் சந்தைகளில் விற்க முடிந்தது, அந்த ஒரு வித்தியாசம் உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வித்தியாசமும் விற்பவருக்குத்தான், விளையாடுபவருக்கு இல்லை.

இன்னொரு விஷயத்திலும் நியாயமாக இருந்துவிடுகிறேன். அன்றைக்கு எழுந்த எதிர்ப்பில் ஒரு பகுதி மின்சாரத்தைப் பற்றியது. என்.எஃப்.டி. என்றாலே காடு எரிகிறது என்கிற மாதிரி பேசினார்கள். அந்தக் குற்றச்சாட்டு பிட்காயினுக்கும், 2022 செப்டம்பரில் மின்சாரம் குறைவாகச் செலவாகும் முறைக்கு மாறுவதற்கு முன்பிருந்த எத்திரியத்துக்கும் பொருந்தும். டெசோஸ் ஆரம்பத்திலிருந்தே பங்கு அடிப்படையில், அதாவது டோக்கனைப் பிணையாக வைத்திருப்பவர்களே பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் முறையில், ஓடுவது, அங்கே கணக்குப் புதிரை அவிழ்க்க ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் போட்டி போடுவதில்லை. டெசோஸில் ஒரு பரிவர்த்தனைக்கு 30 விநாடி வீடியோ ஓட்டுகிற அளவு மின்சாரம்தான் ஆகும் என்று யூபிசாஃப்ட் சொன்னது. அந்த ஒப்பீடு அவர்களே போட்ட கணக்கு என்றாலும் திசை சரியானதுதான். தொழில்நுட்பத் தேர்வுக்கு மதிப்பெண் கொடுக்கலாம். பத்துக்கு நான் கொடுக்கும் ஒன்றரையில் ஒன்று இதற்குத்தான். மீதி அரை, காசு கேட்காமல் கொடுத்ததற்கு.

எதிர்ப்பு எப்படி வந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். அறிவிப்பு வீடியோவுக்கு டிஸ்லைக் மழை. அதற்கு முந்தைய மாதம்தான் யூடியூப் டிஸ்லைக் எண்ணிக்கையை வெளியில் காட்டுவதை நிறுத்தியிருந்தது, ஆனால் அதைத் திரும்பக் காட்டும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் வைத்திருந்தவர்கள் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். யூபிசாஃப்ட் அந்த வீடியோவைப் பொதுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பிரான்ஸில் தொழிற்சங்கமான சோலிடேர் இன்ஃபர்மாட்டிக், இது பயனில்லாத, செலவு பிடித்த, சுற்றுச்சூழலைக் கெடுக்கும் தொழில்நுட்பம் என்று வெளிப்படையாகவே சொன்னது. வாடிக்கையாளர் திட்டுவது ஒன்று, உள்ளே வேலை செய்பவர்கள் பக்கமிருந்தே எதிர்ப்பு வருவது வேறு.

கவனிக்க வேண்டியது, இதே நேரத்தில் மற்றவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது. ஸ்டாக்கர் 2 கேமைச் செய்துகொண்டிருந்த ஜிஎஸ்சி கேம் வேர்ல்ட், குவார்ட்ஸ் அறிவிப்புக்கு ஒரு வாரம் கழித்து டிசம்பர் 15-ல், என்.எஃப்.டி. ஏலத்தில் ஜெயிப்பவரின் முகத்தைக் கேமுக்குள் ஒரு பாத்திரமாக வைக்கப்போகிறோம் என்று அறிவித்தது. மறுநாளே மொத்தத்தையும் கைவிட்டது. 2022 ஜனவரி 31-ல் வோர்ம்ஸ் கேமின் டீம்17 நிறுவனம் மெட்டாவோர்ம்ஸ் என்று ஒரு என்.எஃப்.டி. திட்டத்தை அறிவித்தது. அவர்கள் வெளியிட்ட கேம்களைச் செய்த சின்ன ஸ்டுடியோக்களே எதிர்த்துக் கிளம்ப, அடுத்த நாளே அதுவும் ரத்து. இவர்கள் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை, மூக்குடைந்த பிறகுதான் பின்வாங்கினார்கள். ஆனால் காது இருந்தது.

யூபிசாஃப்ட் செய்தது வேறு. 2022 ஜனவரியில் அவர்களுடைய ஸ்டிராட்டஜிக் இன்னோவேஷன்ஸ் லேபின் துணைத் தலைவர் நிக்கோலா புவார், டிஜிட்டல் பொருட்களை மறுவிற்பனை செய்யும் சந்தையால் என்ன நன்மை என்று கேமர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை, இதெல்லாம் அவர்களுக்காகத்தான், இப்போதைக்கு அவர்களுக்குப் புரியவில்லை என்ற பொருளில் பேட்டி கொடுத்தார். ஒரு சேவையின் தரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அது நன்றாக ஓடும்போது பார்க்கக் கூடாது, புகார் வரும்போது கவுன்டரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். இங்கே கவுன்டரில் கிடைத்த பதில், 'உங்களுக்கு விவரம் பத்தாது'.

இதைக் கேட்டவர்கள் யார் தெரியுமா? 2019 அக்டோபரில் இதே பிரேக்பாயிண்ட் வெளிவந்தபோது, முழு விலை கொடுத்து வாங்கிய கேமுக்குள் திறன் புள்ளிகளையும் ஆயுத உதிரிகளையும் காசுக்கு வைத்திருந்ததைப் பார்த்துக் கொதித்தவர்கள். அப்போது சிலவற்றைக் கடையிலிருந்து எடுத்துவிட்டு, தவறுதலாக முன்னதாகவே வந்துவிட்டது என்று விளக்கம் சொன்னார்கள். அந்த மாதமே யூபிசாஃப்ட் தலைவர் ஈவ் கில்மோ, கேமுக்குக் கிடைத்த வரவேற்பு பெரிய ஏமாற்றம் என்று ஒப்புக்கொண்டு, வேறு மூன்று கேம்களின் வெளியீட்டைத் தள்ளிவைத்தார். ஏற்கெனவே நம்பிக்கை கிழிந்து ஒட்டுப்போட்ட ஒரு கேமைத் தேடிப்பிடித்து அதில் போய் என்.எஃப்.டி. சோதனை செய்தது எனக்கு இன்றுவரை விளங்காத முடிவு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உச்சம். பிரேக்பாயிண்டுக்கான கடைசி டிஜிட் 2022 மார்ச் 17-ல் வந்தது. முதல் டிஜிட்டுக்கும் கடைசி டிஜிட்டுக்கும் இடையே மொத்தம் நான்கு மாதம்கூட இல்லை. ஏப்ரல் முதல் வாரத்தில், இனி இந்த கேமுக்குப் புதிய உள்ளடக்கம் வராது என்று அறிவித்தார்கள். சர்வர் தொடர்ந்து ஓடும் என்றும் சொன்னார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. குவார்ட்ஸ் தளத்தில், டிஜிட் வாங்கியவர்கள் கேமின் ஒரு துண்டைச் சொந்தமாக்கி அதன் வரலாற்றில் தடம் பதித்திருக்கிறார்கள் என்று நன்றிக் குறிப்பு ஒன்றைப் போட்டார்கள். 600 மணி நேரம் விளையாடி ஹெல்மெட் வாங்கியவர், இனி புதிதாக எதுவும் வராத கேமில் அதை மாட்டிக்கொண்டு நிற்கிறார், எதிரே நன்றி நோட்டீஸ். வேறு கேம்களிலும் டிஜிட் வரும் என்று அதே குறிப்பில் சொல்லியிருந்தார்கள். அந்த செப்டம்பரிலேயே கில்மோ இதையெல்லாம் ஆராய்ச்சி நிலையில் இருக்கும் விஷயம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

இது குவார்ட்ஸின் தனிப்பட்ட துரதிர்ஷ்டமும் இல்லை. எஃப்1 டெல்டா டைம் என்று ஒரு கேம் இருந்தது. அதில் 2019-ல் ஒரு காரின் என்.எஃப்.டி. ஒரு லட்சம் டாலருக்கு மேல் போனது. ஃபார்முலா 1 உரிமம் நீட்டிக்கப்படாததால் 2022 மார்ச் 16-ல் கேமையே மூடிவிட்டார்கள். குவார்ட்ஸ் தன் கடைசிப் பொருளை வெளியிட்டதற்கு முதல் நாள். வாங்கியவர்களுக்கு அதே நிறுவனத்தின் வேறு கேமில் மாற்று கொடுத்தார்கள் என்பது சரி, ஆனால் எஃப்1 கார் என்று வாங்கியவரிடம் இருந்தது எஃப்1 பெயர் போன ஒரு டோக்கன்.

சரி, 'சொந்தம்' என்று அவ்வளவு பேசினார்களே, அந்த நிறுவனம் அந்தச் சொல்லை மற்ற இடங்களில் எப்படி நடத்தியது என்றும் பார்த்துவிடுவோம். 2024 ஜனவரியில் அவர்களுடைய சந்தா சேவைப் பொறுப்பாளர் ஃபிலிப் டிராம்ப்ளே ஒரு பேட்டியில், சிடியும் டிவிடியும் சொந்தமாக இல்லாமல் இருப்பதற்கு மக்கள் பழகிவிட்ட மாதிரி, கேம் சொந்தமாக இல்லாமல் இருப்பதற்கும் பழக வேண்டும், அந்த மாற்றம் வந்தால்தான் சந்தா முறை வளரும் என்று சொன்னார். அந்த மார்ச் 31-ல் தங்களுடைய த க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வர்களை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களின் நூலகத்திலிருந்து அதன் உரிமமும் பறிபோனது. வாங்கிய கேம்களை நிறுவனங்கள் முடக்கக் கூடாது என்று கேட்கும் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம் கிளம்பியதே அதிலிருந்துதான். ஆக, முழு கேம் உங்கள் சொந்தம் கிடையாது, ஆனால் அதற்குள் உள்ள பேண்ட் மட்டும் உங்கள் சொந்தம். இந்த இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்ல முடிந்தது என்று யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

யூபிசாஃப்ட் இதை முழுக்க விட்டுவிடவும் இல்லை. 2024 அக்டோபரில் சாம்பியன்ஸ் டாக்டிக்ஸ் என்று, ஓயாசிஸ் பிளாக்செயினை ஒட்டி, பொம்மை வீரர்களை வாங்கி விற்று மோதவிடும் கேம் ஒன்றைப் பெரிய ஆரவாரம் எதுவும் இல்லாமல் வெளியிட்டார்கள். என்னைக் கேட்டால் அது குவார்ட்ஸை விடக் கொஞ்சம் நேர்மையான ஏற்பாடு. அட்டை சேர்ப்பது போலச் சேர்த்து விற்பதுதான் விளையாட்டே என்று வாசலிலேயே தெரிந்துவிடுகிறது, பிடித்தவர் போகலாம், பிடிக்காதவர் திரும்பிப் பார்க்க வேண்டாம். குவார்ட்ஸ் செய்தது, வேறு எதற்கோ வந்து உட்கார்ந்திருந்தவர்களின் நடுவில் கடை விரித்தது.

பிரேக்பாயிண்டை இப்போது வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தள்ளுபடியில் வந்தால் தாராளமாக வாங்கலாம். கியர் ஸ்கோர் (ஆயுதத்துக்கும் உடைக்கும் போடும் மதிப்பெண்) தொல்லையை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள், ஏஐ தோழர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இரவில் மழை பெய்யும்போது ஒரு முகாமைச் சத்தமில்லாமல் காலி செய்து பாருங்கள், ஆரம்பத்தில் திட்டிய அளவுக்கு மோசமான கேம் இல்லை இது. இணைய இணைப்பு மட்டும் நிலையாக இருக்க வேண்டும். ஹெல்மெட்டுக்குக் கவலைப்பட வேண்டாம், எண் போடாத ஹெல்மெட்கள் கேமுக்குள்ளேயே நிறையக் கிடைக்கும்.